முதல் ரிமோட் விமானம்: மேசையிலும் திடலிலும் செய்யக்கூடாதவை

புது விமானம் கையை விட்டுப் போன மூன்றாவது நொடியில் தலைகுப்புற விழுந்தால், "காற்று தூக்கிப் போட்டுவிட்டது" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பாவம், காற்றின் மேல் எத்தனை பழி! விழுந்ததை எடுத்துப் பார்த்தால் பேட்டரி வால் பக்கம் தள்ளி வைக்கப்பட்டிருக்கும், அல்லது எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்) எதிர்ப்பக்கம் அசையும். முதல் விமானங்களில் பெரும்பாலானவை முந்தைய நாள் இரவே, வீட்டு மேசையில் வைத்தே வீழ்த்தப்படுகின்றன. அதனால் இந்தக் கட்டுரையும் மேசைப் பக்கமே அதிக நேரம் உட்கார்ந்திருக்கும்.

சறுக்கல் கடையிலேயே தொடங்கிவிடுகிறது. ஸ்பிட்ஃபயர், மஸ்டாங் போன்ற போர் விமான மாதிரிகள் அழகுதான். ஆனால் அவற்றின் இறக்கை உடலுக்கு அடியில் இருக்கிறது. வேகம் குறைந்தால் ஒரு பக்கம் சட்டென்று சரிந்துவிடும். கற்றுக்கொள்கிறவருக்கு வேண்டியது உடலுக்கு மேலே இறக்கை வைத்த டிரெய்னர், அதாவது பயிற்சி விமானம். இறக்கையின் இரு முனைகளும் சற்று உயர்ந்திருந்தால், கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டரின் (ரிமோட்டின்) ஸ்டிக்கிலிருந்து விரலை எடுத்ததும் விமானம் தானே நேராகிக்கொள்ளப் பார்க்கும். இறக்கையின் நீளம் ஒரு மீட்டருக்கு முன்பின் இருக்கட்டும். உள்ளங்கை அளவு விமானங்கள் மலிவுதான். பினாங்கின் கடற்காற்றில் அவை செம்பனைத் தோட்டத்தின் நடுவே போய்த்தான் நிற்கும்.

இன்னொன்றையும் வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். டிரான்ஸ்மிட்டர்களில் மோட் 1, மோட் 2 என்று இரண்டு அமைப்புகள் உண்டு. மோட் 2-இல் திராட்டில், அதாவது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டிக், இடக்கையில் இருக்கும். மோட் 1-இல் வலக்கையில். உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர் எதைப் பிடிக்கிறாரோ அதையே வாங்குங்கள். தடுமாறும் நேரத்தில் டிரான்ஸ்மிட்டரை அவர் கையில் கொடுத்தால் அவர் காப்பாற்ற வேண்டும், திகைத்து நிற்கக் கூடாது.

மேசையில் நடப்பவை

முதலில் புரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிடுங்கள். சர்வோ (கம்பி வழியாக இறக்கை, வால் மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்), திசை, திராட்டில் என எதைச் சோதித்தாலும் விமானத்தின் மோட்டாரில் புரொப்பெல்லர் இருக்கக் கூடாது. இதில் விதிவிலக்கே கிடையாது. பேட்டரியைச் செருகிய கணத்திலிருந்து விமானம் உயிருள்ள இயந்திரம். சட்டைக் கை திராட்டில் ஸ்டிக்கில் பட்டால் போதும், ஒரு சிறிய பிளாஸ்டிக் புரொப்பெல்லர் விரலை எலும்பு வரை கீறிவிடும். குழந்தைகள் மேசையைச் சுற்றி நிற்கும் வீட்டில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இணைக்கும்போது டிரான்ஸ்மிட்டர் முதலில், பேட்டரி பிறகு. கழற்றும்போது பேட்டரி முதலில், டிரான்ஸ்மிட்டர் கடைசியில்.

ஒட்டும் வேலையில் அவசரம் ஆபத்து. இன்று விற்கும் டிரெய்னர்கள் பலவும் ஈ.பி.ஓ. என்ற வளைந்துகொடுக்கும் நுரையால் ஆனவை. அவற்றில் சூப்பர் குளூ பிடிக்கும். மீன் பெட்டி செய்கிற வெள்ளை போலிஸ்டிரீனாக இருந்தால் அதே குளூ நுரையைக் கரைத்துக் குழியாக்கிவிடும். அதற்கு நுரைக்கென்றே விற்கும் பசையோ எபாக்ஸியோ வேண்டும். எந்த நுரை என்று தெரியாவிட்டால் இறக்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்தது சர்வோ. பலர் சர்வோ கையை முதலில் திருகிவிட்டுப் பிறகுதான் மின்சாரம் கொடுக்கிறார்கள். கொடுத்ததும் எலிவேட்டர் (வாலில் கிடைமட்டமாக இருக்கும் மடல்) ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். உடனே, மடலின் நடுநிலையைச் சிறிதளவு நகர்த்தும் டிரிம் பட்டனை அழுத்தி அழுத்தி அதை நேராக்குவார்கள். டிரிம் முழுவதும் மேசையிலேயே செலவாகிவிடும், வானத்தில் திருத்த ஒன்றும் மிஞ்சாது. வரிசையை மாற்றுங்கள். டிரிம் எல்லாம் நடுவில் இருக்கட்டும், மின்சாரம் கொடுங்கள், சர்வோ தன் நடுநிலைக்கு வரட்டும், அதன் பிறகு கையைச் செங்குத்தாகப் பொருத்துங்கள். மிச்சமிருக்கும் சிறு கோணலைக் கம்பியின் முனையில் உள்ள கிளிப்பைத் திருகிச் சரிசெய்யலாம். புது நுரை விமானத்தில் எலிவேட்டரின் மடிப்பு விறைப்பாக இருக்கும். கம்பியை மாட்டும் முன் கையால் மெதுவாக மேலும் கீழும் மடித்துத் தளர்த்திக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்ததும் வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். ஸ்டிக் நடுவில் இருக்கும்போதும் ஒரு சர்வோ விடாமல் முனகிக்கொண்டிருந்தால் எங்கோ கம்பி இழுக்கிறது, அல்லது மடிப்பு இறுக்கமாக இருக்கிறது. அந்த முனகல் பேட்டரியைக் குடிக்கும், ஒருநாள் சர்வோவையும் எரித்துவிடும்.

திசைச் சோதனையில்தான் அதிக விமானங்கள் தப்பாகத் தேர்ச்சி பெற்றுவிடுகின்றன. காரணம் எளிது: மேசையில் விமானத்தின் மூக்கு நம்மைப் பார்த்து இருக்கிறது, இடமும் வலமும் மாறிப்போகின்றன. வாலுக்குப் பின்னால் போய் உட்காருங்கள், விமானி உட்கார்ந்திருக்கும் திசையிலேயே பாருங்கள். ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலே எழ வேண்டும், இடது கீழே இறங்க வேண்டும். ஸ்டிக்கை உங்களை நோக்கி இழுத்தால் எலிவேட்டர் மேலே வர வேண்டும். வாலில் நிமிர்ந்து நிற்கும் மடலான ரட்டரின் ஸ்டிக் வலம் போனால் ரட்டரின் பின்விளிம்பும் வலம் போக வேண்டும்.

ஜைரோ (சாய்வை உணர்ந்து தானே திருத்தும் கருவி) உள்ள விமானத்துக்கு இதோடு முடியாது. "ஜைரோ இருக்கிறது, அதுவே பார்த்துக்கொள்ளும்" என்று விற்பவர் சொல்லியிருப்பார். பார்த்துக்கொள்ளும்தான், ஆனால் திசை தலைகீழாக இருந்தால் விழ வேண்டிய பக்கத்துக்கே இன்னும் வேகமாகத் தள்ளிவிடும். ஸ்டிக்கைத் தொடாமல் விமானத்தைக் கையில் பிடித்து வலப்பக்கம் சாய்த்துப் பாருங்கள். வலது எய்லரான் கீழே இறங்கி அந்த இறக்கையைத் தூக்கப் பார்க்க வேண்டும். மூக்கைத் தாழ்த்தினால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். ஸ்டிக் சோதனையில் சரியாக இருந்த விமானம் இந்தச் சோதனையில் தோற்பது உண்டு, இரண்டும் தனித்தனி. பேட்டரி செருகியதும் ஜைரோ விழித்துக்கொள்ளும் சில நொடிகள் விமானம் அசையாமல் தரையில் இருக்க வேண்டும். கையில் ஆட்டிக்கொண்டே செருகுவது வேண்டாம்.

விமானத்தின் எடை முன்னும் பின்னும் சமனாகும் புள்ளியான ஈர்ப்பு மையத்துக்கு வருவோம். இதை ஒழுங்காகப் பார்த்துவிட்டால் மற்றத் தவறுகளில் பாதியை விமானமே மன்னித்துவிடும். கையேட்டில் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும். இல்லாவிட்டால், நேரான இறக்கை கொண்ட டிரெய்னருக்கு, முன்விளிம்பிலிருந்து இறக்கையின் அகலத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். 200 மி.மீ. அகலமான இறக்கை என்றால் 50-இலிருந்து 66 மி.மீ. வரை. உடலின் இரு பக்கமும் இறக்கைக்கு அடியில் பேனாவால் புள்ளி வைத்து, அந்தப் புள்ளிகளில் இரண்டு விரல்நுனிகளால் விமானத்தைத் தூக்குங்கள். மூக்கு இம்மி தாழ்ந்து நின்றால் நல்லது. வால் தாழ்ந்தால் பறக்கவிடாதீர்கள். மூக்கு கனத்த விமானம் மந்தமாகப் பறக்கும். வால் கனத்ததைப் பிடித்து நிறுத்தத் தேர்ந்தவருக்கே வியர்த்துவிடும். எடையைச் சேர்க்கும் முன் பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். இதையெல்லாம் பறக்கப்போகும் அதே பேட்டரியை வைத்துப் பார்க்க வேண்டும். பேட்டரி இல்லாமல் பார்த்துவிட்டு "சரியாக இருந்ததே" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சரியான இடம் கிடைத்ததும் உடலுக்குள் கோடு போட்டு, வெல்குரோ பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். நகர்ந்த பேட்டரி என்றால் நகர்ந்த ஈர்ப்பு மையம்.

இறக்கையை ரப்பர் வளையங்களால் கட்டும் மாதிரியாக இருந்தால், கடைசி வளையங்கள் குறுக்காக வரட்டும், வெயிலில் வெடித்தவை குப்பைக்குப் போகட்டும். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த குடும்பங்களுக்கு ரப்பரின் ஆயுளைப் பற்றிப் பாடம் வேண்டாம்.

புரொப்பெல்லரை மாட்டுவது கடைசி வேலை. அதில் எண்கள் பொறித்த முகம் விமானம் போகும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினாலும் சுற்றும், சத்தமும் வரும், இழுக்கும் விசை மட்டும் வெகுவாகக் குறைந்துவிடும். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் அதன் மூன்று கம்பிகளில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் போதும்.

பேட்டரி

இந்த விமானங்களில் வரும் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் ஒவ்வொரு செல்லும் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், மூன்று செல் பேட்டரிக்கு 12.6. அதற்கென்றே செய்த, செல்களைத் தனித்தனியாகச் சமன்செய்யும் சார்ஜர் வேண்டும். 2200 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் 2.2 ஆம்பியரில் ஏற்றுங்கள். அவசரத்துக்கு அதிகமாக வைக்காதீர்கள். ஏற்றும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், பேட்டரி சிமெண்டுத் தரையில் இருக்க வேண்டும். இரவு செருகிவிட்டுத் தூங்கப் போவது வீட்டைக் கொளுத்தும் பழக்கம். இரண்டு மூன்று நாள்களுக்குப் பறக்கப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துவிடுங்கள்.

நம் ஊரில் காரும் எதிரிதான். மதியத்தில் கதவடைத்து நிறுத்திய காரின் பின்கண்ணாடிக்குக் கீழே விமானத்தை வைத்துவிட்டு நாசி கண்டார் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது இறக்கை முறுக்கிக்கொண்டிருக்கும், நுரையில் கொப்புளங்கள் எழும்பியிருக்கும். பேட்டரிக்கு அது இன்னும் கெடுதல். முறுக்கிய இறக்கை கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. வால் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் இரு இறக்கைகளின் பின்விளிம்பையும் பார்த்தால் தெரியும்.

இடமும் நேரமும்

பினாங்குத் தீவில் திறந்த திடல் கிடைப்பதே அரிது. கிடைப்பவற்றில் பல, பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தின் பக்கம் இருக்கின்றன. எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம். இரண்டுக்கும் நடுவில்தான் நம் பொழுதுபோக்கு. தரையிலிருந்து 400 அடிக்கு மேல், அதாவது ஏறக்குறைய 120 மீட்டருக்கு மேல், அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது என்பது மலேசிய விதி. விமான நிலையத்தைச் சுற்றிய வான்பகுதிக்கும் மலேசிய பொது விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். "பொம்மைதானே" என்ற வாதம் எடுபடாது. 400 அடியில் ஒரு மீட்டர் விமானம் புள்ளியாகிவிடும், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்றே தெரியாது. அதில் பாதி உயரமே உங்களுக்கு அதிகம்.

பாலிக் பூலாவிலோ செபராங் பிறையின் வடக்கிலோ அறுவடை முடிந்த வயல் நல்ல இடம், உரிமையாளரிடம் கேட்டுவிட்டு. மின்கம்பிகளைப் பாருங்கள். செம்பனை பக்கத்தில் இருந்தால் அதற்கு எதிர்ப்புறம் நில்லுங்கள். அதன் மட்டையில் முள் உண்டு, ஏறி எடுக்கும் வேலை அல்ல. கூட்டம் இருக்கும் இடத்தில், தைப்பூசத்தில் தண்ணீர்மலையோ ஞாயிறு மாலை எஸ்பிளனேடோ, பையையே திறக்காதீர்கள்.

காலை ஏழரை, எட்டு மணிக்கு வந்துவிடுங்கள். வெயில் ஏற ஏறக் கடற்காற்று எழும். மதியத்துக்குப் பிறகு இடியும் மழையும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தூரத்தில் இடி கேட்டால் இறக்கிவிடுங்கள். சூரியன் முதுகுப்புறம் இருக்கட்டும்.

கையால் எறிந்து பறக்கவிடும் முன் இரண்டு வேலைகள். சிக்னல் எட்டும் தூரத்தைப் பார்க்க டிரான்ஸ்மிட்டரில் உள்ள ரேஞ்ச் சோதனை நிலையைப் போட்டு, விமானத்தை ஒருவரிடம் கொடுத்துவிட்டு முப்பது தப்படி நடந்து, எல்லாம் அசைகிறதா என்று பாருங்கள். சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கிறதா என்பதை வீட்டிலேயே, புரொப்பெல்லர் இல்லாமல், டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்திருக்க வேண்டும். நிற்காத விமானம் யார் வீட்டுக் கூரையைத் தேடிப் போகும் என்று தெரியாது.

கையை விட்ட பிறகு

காற்றுக்கு எதிராக, கிடைமட்டமாக, ஈட்டி எறிவதுபோல் நேராக எறிய வேண்டும். வானத்தைப் பார்த்து எறிந்தால் வேகம் செத்து விழும். எறிகிறவர் ஒருவர், டிரான்ஸ்மிட்டர் பிடிக்கிறவர் ஒருவர் என்று பிரித்துக்கொள்வது மேல். தாழ்வாகவும் மெதுவாகவும் போகும்போது பயத்தில் ஸ்டிக்கை இழுப்பதுதான் புதியவரின் பெரிய தவறு. இழுத்தால் ஏறும் என்று மனம் சொல்கிறது. வேகம் இல்லாத இறக்கையோ தூக்குவதை நிறுத்திவிட்டு ஒரு பக்கம் சரிகிறது. ஸ்டிக்கைத் தளர்த்துங்கள், மூக்கு தாழட்டும், திராட்டில் கொடுங்கள், பிறகு மெல்ல இழுங்கள். இதற்கெல்லாம் இடம் வேண்டும் என்பதால்தான் டிரிம் திருத்துவதும் திரும்புவதும் மரங்களின் உயரத்தைத் தாண்டிய பிறகு என்கிறோம்.

விமானம் நம்மை நோக்கி வரும்போது இடம் வலமாகத் தெரியும். யோசித்துக்கொண்டிருக்க நேரமிருக்காது. எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள், நேராகிவிடும். இதைக் கணினியில் ஒரு சிமுலேட்டரில் சில மாலைகள் பழகிக்கொண்டு வருபவர்களுக்கும் வராதவர்களுக்கும் உள்ள வித்தியாசம் திடலில் ஒரே பார்வையில் தெரியும். விளையாட்டு என்று அதை ஒதுக்குகிறவர்கள் நுரைக்கும் பசைக்கும் ரிங்கிட் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

காற்று வீசும் திசையில் விமானத்தைத் தொலைவுக்கு அனுப்பாதீர்கள். திரும்பி வர அது எதிர்க்காற்றில் முக்கும், பேட்டரி தீரும். காற்று வரும் பக்கமே வைத்துப் பறக்கவிடுங்கள். டைமரை முதலில் 5 நிமிடத்துக்கு வைத்து, இறங்கியதும் செல் வோல்ட்டை அளந்து, 3.7-க்குக் கீழே போகாதபடி நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். இறங்குவதும் காற்றுக்கு எதிராகத்தான்.

விழப்போகிறது என்று தெரிந்த கணமே திராட்டிலை முழுக்கக் குறைத்துவிடுங்கள். மண்ணில் சிக்கிய புரொப்பெல்லரைச் சுற்ற முயன்று மோட்டாரும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் எரிந்துபோகும். உடைந்த இறக்கையைத் திடலிலேயே ஒட்டி உடனே எறிகிறவர்களுக்கு அன்று இரண்டாவது விபத்தும் உண்டு: பசை சேர்ந்திருக்கிறது, ஈர்ப்பு மையம் மாறியிருக்கிறது, சர்வோவின் பல் உடைந்திருக்கலாம். வீட்டுக்குக் கொண்டுபோய் எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து செய்யுங்கள். பேட்டரி நசுங்கியிருந்தாலோ உப்பியிருந்தாலோ அதை மறுபடி சார்ஜ் செய்யக் கூடாது. காருக்குள்ளும் வைக்காமல், தீப்பிடிக்கும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத சிமெண்டுத் தரையில் சிறிது நேரம் விட்டுவைத்துக் கவனியுங்கள். பிறகு மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள், வீட்டுக் குப்பையில் போடாதீர்கள்.