ஓலை வாசிக்கும் முன்: கோயில் கல்யாணக் காகிதங்களில் நடக்கும் தவறுகள்

போன வாரம் எங்கள் கத்தோலிக்கப் பங்கின் (கோயில் வட்டாரத்தின்) அலுவலகத்துக்கு ஒரு பையன் வந்தான். ஒரு கையில் லேமினேட் செய்த ஞானஸ்நானச் சான்றிதழ், இன்னொரு கையில் அச்சடித்து முடித்த கல்யாணப் பத்திரிகை. இருபது வருடத்துக்கு முன்னால் நானும் இதே கோலத்தில் நின்றவன்தான். ஆதார் நகலையோ போட்டோவையோ மறந்தால் மறுநாள் கொண்டுவந்துவிடலாம். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழைய ஞானஸ்நானச் சான்றிதழை நம்புவது

இதுதான் எனக்கு இன்றும் எரிச்சல். "ஞானஸ்நானம் மாறிவிடவா போகிறது?" என்று கேட்பார்கள். மாறாது, சரி. ஆனால் நமக்கு எந்தக் கோயிலில் திருமணம் நடந்தாலும், அந்தத் தகவல் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குப் போய், அங்குள்ள ஏட்டில் நம் பெயருக்கு நேரே குறிக்கப்பட வேண்டும். திருச்சபைச் சட்டம் 535 அப்படிச் சொல்கிறது. ஞானஸ்நானத்துக்குப் பிறகு பெறும் உறுதிபூசுதல் என்ற அருட்சாதனமும் அங்கேதான் ஏறும். பங்குத்தந்தை பார்க்க விரும்புவது அந்தக் குறிப்பைத்தான். ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா இல்லையா என்பது, கைக்குழந்தையாக இருந்தபோது எழுதிக் கொடுத்த காகிதத்தில் எப்படித் தெரியும்? அதனால்தான் பொதுவாக ஆறு மாதத்துக்குள் எடுத்த புது நகலைக் கேட்கிறார்கள்.

எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. தெரிந்ததும் சென்னையிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். நான் பிறந்தபோது எங்கள் ஊர் கிளைக்கிராமம். பிறகு தனிப்பங்கு ஆகிவிட்டது. ஃபாதர் பீரோவைத் திறந்து காட்டினார். ஏடு தொடங்குவதே நான் பள்ளிக்கூடம் போகிற வருடத்தில். பழைய ஏடு தாய்ப்பங்கில் இருக்கிறது, பத்து மைல் போக வேண்டும். அங்கே போனால் ஃபாதர் ஆண்டுத் தியானத்துக்குப் போயிருக்கிறார், பீரோ சாவியோடு! மறு வாரம் திரும்பவும் ராத்திரி பஸ். "இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தால் சொல்லுங்கள்" என்று கோயிலில் அறிவிப்பதுதான் ஓலை. மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஞாயிறுதான் மிச்சம். மூன்றாம் ஓலைக்கு விலக்குக் கேட்டு ஆயர் (பிஷப்) இல்லத்துக்கு ஓடினேன். பஸ் காசு போகட்டும். பெண் வீட்டில் "ஏன் இழுக்கிறார்கள், ஏதாவது இருக்குமோ" என்று பேச்சுக் கிளம்பிவிட்டது.

லேமினேட் செய்ததைத் தூக்கிப் போடவும் வேண்டாம். அதில் ஏட்டு எண் இருக்கும். ஒரு போட்டோ எடுத்து அனுப்பி, ஏடு எங்கே இருக்கிறது, ஃபாதர் எப்போது இருப்பார் என்று போனில் கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். மூன்று மாதம் முன்பே செய்துவிட்டால் நிம்மதி.

பெயர்

ஏட்டில் சவரிமுத்து, ஆதாரில் பிரவீன். புது நகலை வாங்கிய இடத்திலேயே நின்று வாசித்துப் பாருங்கள், அப்பா பெயர் உட்பட.

"மாமன் மகள்தானே!"

முறைப்பெண் என்பது நமக்குப் பெருமை. திருச்சபைச் சட்டம் 1091-இன்படி அது தடை. மாமன் மகள், அத்தை மகன் நான்காம் நிலை உறவு. அக்கா மகள் மூன்றாம் நிலை. ஆயரின் விலக்கு இல்லாமல் அந்தத் திருமணம் செல்லாது. ஞானஸ்நானம் பெறாதவரைக் கட்டுவதானாலும் விலக்கு வேண்டும். வெட்கப்படாமல் முதல் நாளே சொல்லுங்கள். ஓலை வாசித்தபின் ஊர்ப் பாட்டி வந்து, "அவன் இவளுக்குத் தாய்மாமன் ஆச்சே சாமி" என்று சொல்லி, எல்லாம் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

திருமணத் தயாரிப்பு வகுப்பு

பத்திரிகை அடிக்கும் முன் முடித்துவிடுங்கள்.

தவக்காலம்

ஈஸ்டருக்கு முந்தைய இந்த நோன்பு நாட்களில் பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஃபாதரிடம் தேதியைக் கேளுங்கள்.

கோயில் ஏட்டில் கையெழுத்தோடு முடிந்தது என்று நினைப்பது

தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எந்த மதத்துத் திருமணமானாலும் 90 நாளுக்குள் அரசிலும் பதிய வேண்டும். அந்த மனுவிலும் சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் உறவுப் பையன் ஒருவன் இரண்டு மாதம் கழித்துத்தான் கிளம்பினான். அதற்குள் ஒரு சாட்சி துபாய்க்குப் போய்விட்டார்.