ஆமைக்கு ஊசி போட்டும் குணமாகவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் கொளத்தூரில் ஒரு மீன் கடையில், கண் வீங்கிப்போன சிவப்புக் காது ஆமையை டப்பாவில் வைத்துக்கொண்டு ஒருவர், "தண்ணியில போடுற மாத்திரை இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நானும் ஒரு காலத்தில் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கேப்சூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டியவன்தான். தண்ணீர் மஞ்சளானது, ஃபில்டரில் இருந்த நல்ல பாக்டீரியா செத்து அம்மோனியா ஏறியது, ஆமை அப்படியேதான் இருந்தது.

காலாவதித் தேதி பார்ப்பது, பாதியில் நிறுத்தாமல் இருப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். விடுங்கள்.

குளிரில் வைத்துக்கொண்டு ஊசி போடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. என் ஆமை ஒரு பக்கமாகச் சாய்ந்தே நீந்தியது, மூக்கில் குமிழி. நிமோனியா. செஃப்டாசிடைம் என்ற ஆன்டிபயாடிக், மூன்று நாளுக்கு ஒரு ஊசி. ஒவ்வொரு முறையும் ஆட்டோ பிடித்துப் போய்ப் போட்டுவிட்டு, திரும்பி வந்து ஏசி ஓடும் படுக்கையறைத் தொட்டியிலேயே விட்டேன். ஐந்து ஊசி முடிந்தும் சாய்வு நிமிரவில்லை. டோஸைக் கூட்டலாமா என்று கேட்டதற்கு டாக்டர், "தண்ணி எத்தனை டிகிரி சார்?" என்றார். "நார்மல்தான் டாக்டர்" என்றேன். வரும் வழியில் தெர்மாமீட்டர் வாங்கித் தொட்டியில் போட்டால், 21.

ஆமைக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வரவேண்டும். ஆன்டிபயாடிக் கிருமியை அடக்கும், மீதிச் சண்டையை உடம்பு போட வேண்டும், குளிர்ந்த உடம்பு போடாது. அதுமட்டுமில்லை, ரத்த ஓட்டமும் சிறுநீரகமும் மந்தமாகிவிடுவதால் மருந்து போக வேண்டிய இடத்துக்கு ஒழுங்காகப் போகாது, வெளியேற வேண்டிய நேரத்தில் வெளியேறவும் செய்யாது. அந்த நிலையில் டோஸைக் கூட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நோயாளி ஆமைக்குத் தண்ணீர் 27, 28 டிகிரி, ஏறி உட்காரும் இடத்தில் 32 டிகிரி அளவில் இருக்கட்டும். கையை விட்டுப் பார்த்துச் சொல்லாதீர்கள், அளந்து சொல்லுங்கள். ஹீட்டருக்கு உறை போடுங்கள், ஆமை அதன் கண்ணாடியை இடித்தே உடைத்துவிடும்.

நீர் வற்றிய ஆமைக்கு அமிகாசின், ஜென்டாமைசின்

இந்த ஆன்டிபயாடிக் ஊசிகளால் சிறுநீரகம் போய்விடும். முதலில் நீர்ச்சத்து ஏறட்டும், அப்புறம் ஊசி.

பின்னங்காலில் ஊசி

பின்பாதி ரத்தம், அதோடு மருந்தும், நேராகச் சிறுநீரகத்துக்குப் போக வாய்ப்பு உண்டு. அதனால் முன்னங்காலில்தான் போடுவது வழக்கம்.

ஐவர்மெக்டின்

நாய்க்கு உண்ணி, புழுவுக்கு வாங்கியது மிச்சம் இருக்கிறதா? ஆமைக்கு அது விஷம்.

நட்சத்திர ஆமை

வைத்திருப்பதே குற்றம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

கண் வீங்கினாலே கிருமி என்று நினைப்பது

வைட்டமின் ஏ குறைந்தாலும் இமை இப்படித்தான் உப்பும், சொட்டு மருந்து மட்டும் விட்டால் சரியாகாது. அதற்காக வைட்டமின் ஊசியை நீங்களே போடக் கிளம்பாதீர்கள், அளவு மீறினால் தோல் உரிந்து வரும். கடையில் பார்த்தவரிடம் என்ன தீனி போடுகிறீர்கள் என்று கேட்டேன். "காஞ்ச எறா மட்டும்தான் சார், ரெண்டு வருஷமா" என்றார்.