எந்த ஆலிஸ்? ஓர் இளவரசியின் கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலிசபெத் ராணியின் மாமியார் யார் என்று கேட்டால் பலருக்குச் சட்டென்று பதில் வராது. 1953 முடிசூட்டு விழாப் படங்களைத் தேடிப் பாருங்கள். பட்டும் வைரமுமாக நிற்கும் கூட்டத்தில் சாம்பல் நிறக் கன்னியாஸ்திரி உடையில் ஓர் அம்மாள் தெரிவார். அவர்தான் ஆலிஸ், இளவரசர் ஃபிலிப்பின் தாய். அவர் வாழ்க்கை அவ்வளவு சுவாரசியம் என்பதாலோ என்னவோ, அவரைப் பற்றிய பிழைகளும் அதே அளவுக்கு உலவுகின்றன. நானும் ஒரு கட்டுரையில் அவருடைய சித்தியை அத்தை என்று எழுதி மாட்டிக்கொண்டவன்தான்.

முதல் குழப்பம் பெயரிலேயே வந்துவிடுகிறது. அந்தக் குடும்பத்தில் ஆலிஸ்கள் ஏராளம். விக்டோரியா மகாராணியின் மகள் ஓர் ஆலிஸ். ஜெர்மனியின் ஹெஸ்ஸே நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டு 1878இல் தொண்டை அடைப்பான் நோயில் இறந்தவர். மகாராணியின் மகன் லியோபோல்டுக்குப் பிறந்த இன்னோர் ஆலிஸ், 1883இல் பிறந்து 1981 வரை இருந்தார். எலிசபெத்தின் சித்தப்பாவை மணந்த குளோஸ்டர் சீமாட்டியும் ஆலிஸ்தான். நூறு வயதைத் தாண்டி 2004இல் இறந்தார். நாம் பேசுகிற ஆலிஸ், 1885 பிப்ரவரி 25 அன்று வின்ட்சர் கோட்டையில் பிறந்த பாட்டன்பெர்க் ஆலிஸ். படத்தைப் போடும் முன் பிறந்த வருடத்தைச் சரிபார்த்தால் பாதிப் பிழை அங்கேயே தீர்ந்துவிடும்.

அவரை ‘ஆலிஸ் மவுண்ட்பேட்டன்’ என்று எழுதுவதும் தவறு. பெர்க் என்றால் ஜெர்மனில் மலை. முதல் உலகப் போரின்போது ஜெர்மன் பெயர் பிரிட்டனில் பாரமாகிவிட, 1917இல் அவருடைய அப்பா மலையை முன்னால் தூக்கிப்போட்டு மவுண்ட்பேட்டன் ஆக்கினார். ஆலிஸ் அதற்குள் திருமணமாகிக் கிரேக்கத்துக்குப் போய் 14 வருடம் ஆகியிருந்தது. அங்கே அவருடைய முறையான பட்டம் ‘இளவரசி ஆண்ட்ரூ’. கணவர் பெயர்தான் பட்டம். இதைப் பார்த்துவிட்டு ஆண்ட்ரூ என்றொரு பெண் இருந்ததாக எழுதியவர்களும் உண்டு. அந்தக் கணவர் வீட்டிலும் கிரேக்க ரத்தம் தேட வேண்டாம். மாமனார் முதலாம் ஜார்ஜ், 1863இல் கிரேக்கர்கள் அழைத்து அரியணையில் உட்காரவைத்த டென்மார்க் இளவரசர். மாமியார் ரஷ்யாக்காரர்.

தேதியிலும் ஒரு வலை இருக்கிறது. கிரேக்கம் 1923 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்திருந்தது. ஃபிலிப் பிறந்தது 1921 ஜூன் 10. கோர்ஃபு தீவுப் பதிவேட்டில் மே 28 என்று இருக்கும். இரண்டும் சரி, கலந்து எழுதினால்தான் தப்பு.

சரி, இப்போது உறவுமுறை. நாம் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஆங்கிலத்தில் அப்பாவின் தங்கைக்கும் அம்மாவின் தங்கைக்கும் ஒரே சொல். தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. யாருக்கு யார் என்று தெரியாமல் ஒரு வரி நகராது. விக்டோரியா மகாராணியின் மகள் பெரிய ஆலிஸ், அவர் மகள் இன்னொரு விக்டோரியா, அவர் மகள் நம் ஆலிஸ். ஆக இவர் மகாராணிக்குப் பேத்தி இல்லை, கொள்ளுப்பேத்தி. ரஷ்யாவின் கடைசிப் பேரரசி அலெக்ஸாண்ட்ரா ஆலிஸின் அம்மாவுக்குத் தங்கை, எனவே சித்தி. புரட்சியில் கொல்லப்பட்டுப் பிறகு புனிதராகப் போற்றப்பட்ட எல்லா என்கிற எலிசபெத்தும் சித்திதான். இந்தியாவின் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் ஆலிஸின் கடைசித் தம்பி, ஃபிலிப்புக்குத் தாய்மாமன். அவரைச் சித்தப்பா என்று எழுதினால் குடும்பமே இடம் மாறிவிடும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மகாராணியின் மகன் வழிப் பேரன் ஐந்தாம் ஜார்ஜுக்கு, ஆலிஸின் தாயார் அத்தை மகள். முறைப்பெண்ணின் பிள்ளைகள் தன் பிள்ளைகள் முறைதானே? அப்படியானால் ஜார்ஜின் மகன் ஆறாம் ஜார்ஜும் ஆலிஸும் தம்பி, அக்கா. அக்கா மகன் ஃபிலிப், தம்பி மகள் எலிசபெத். சாட்சாத் முறைமாப்பிள்ளை! டென்மார்க் வழியாகக் கணக்குப் போட்டால் ஒரு தலைமுறை இடறும். அதற்குள் நான் போகவில்லை.

ஆலிஸுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. உடனே ‘ஊமை இளவரசி’ என்று தலைப்பு வைத்துவிடுகிறார்கள். அவர் ஊமையே இல்லை. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் பேசவும் சிறு வயதிலேயே பழகினார். அதுவும் ஆங்கிலம், ஜெர்மன் என்று ஒன்றுக்கு மேற்பட்ட மொழியில். காது கேட்காதவர் என்று எழுதினால் போதும்.

அவருடைய நோயைப் பற்றி எழுதுவதற்கு இன்னும் நிதானம் வேண்டும். 1922இல் துருக்கியுடனான போர்த் தோல்விக்குப் பிறகு ஆண்ட்ரூவை நாடு கடத்தினார்கள். குடும்பம் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறிப் பாரிஸ் பக்கம் குடியேறியது. 1928இல் ஆலிஸ் கிரேக்க மரபுவழித் திருச்சபையில் சேர்ந்தார். அப்புறம் தனக்குத் தெய்வச் செய்திகள் வருவதாக நம்பத் தொடங்கினார். 1930இல் மருத்துவர்கள் அதை மனச்சிதைவு என்றார்கள். ‘ஃபிராய்டிடம் சிகிச்சை பெற்றவர்’ என்று பலர் எழுதுவது சரியில்லை. பெர்லினில் அவரைப் பார்த்தவர் எர்ன்ஸ்ட் சிம்மல் என்ற மனப்பகுப்பாய்வாளர். அவர் ஃபிராய்டிடம் யோசனை கேட்டார், அவ்வளவுதான். சினைப்பைகளுக்கு எக்ஸ்ரே கொடுத்து மாதவிடாயைச் சீக்கிரமே நிறுத்தும் யோசனை வந்தது அப்படித்தான். அதைப் படிக்கும்போது இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது. அதன்பின் சுவிட்சர்லாந்தில் பின்ஸ்வாங்கர் என்ற மனநல மருத்துவரின் மருத்துவமனையில் இரண்டு வருடத்துக்கும் மேல் வைத்திருந்தார்கள், அவர் விருப்பத்துக்கு மாறாக. நான்கு மகள்களுக்கும் கல்யாணம் நடந்தது அப்போதுதான். ஒன்றுக்கும் அவர் போகவில்லை. ஆகவே ‘மகனை விட்டுவிட்டுப் போன தாய்’ என்ற வாக்கியத்தை எழுதாதீர்கள். எட்டு வயது ஃபிலிப்பிடமிருந்து அவரைப் பிரித்துக்கொண்டு போனார்கள். ‘பைத்தியக்கார இளவரசி’ என்ற சொல்லாட்சியையும் விட்டுவிடலாம். பிற்பாடு முப்பது வருடத்துக்கும் மேல் தன் காலில் தானே நின்று வாழ்ந்த பெண் அவர்.

மகள் செசிலியின் சாவைப் பற்றிப் பேசும்போது ‘தி கிரவுன்’ தொலைக்காட்சித் தொடரை நம்பக் கூடாது. ஃபிலிப் பள்ளியில் சேட்டை செய்ததால்தான் அக்கா அந்த விமானத்தில் ஏற நேர்ந்தது என்று காட்டியது கற்பனை. செசிலி லண்டனுக்குக் கிளம்பியது கொழுந்தனின் கல்யாணத்துக்கு. 1937 நவம்பர் 16 அன்று பனிமூட்டத்தில் பெல்ஜியத்தின் ஆஸ்டெண்டில் விமானம் ஒரு புகைபோக்கியில் மோதி விழுந்தது. செசிலி, கணவர், மாமியார், இரண்டு மகன்கள் எல்லோரும் போனார்கள். அவர் நிறைமாதக் கர்ப்பிணி வேறு. அந்த இறுதிச் சடங்கில்தான் ஆலிஸும் ஆண்ட்ரூவும் ஆறு வருடம் கழித்து நேரில் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தை இரண்டு விதமாகக் கெடுக்கிறார்கள். ஒரு கூட்டம் ‘நாஜிக் குடும்பம்’ என்று முடித்துவிடும். மருமகன்கள் ஜெர்மானியர்கள், ஒருவர் ஹிட்லரின் எஸ்.எஸ். படை அதிகாரி என்பதெல்லாம் உண்மை; மறைக்க வேண்டியதில்லை. அதே சமயம் மகன் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்தான், அம்மா ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த ஏதென்ஸில் பசித்தவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு கூட்டம் ‘நூற்றுக்கணக்கான யூதர்களைக் காத்தவர்’ என்று ஊதிவிடும். அவர் ஒளித்து வைத்தது ஒரு குடும்பத்தை: ராகேல் கோஹென் என்ற விதவை, மகள் டில்டே, பின்னால் வந்து சேர்ந்த மகன் மிஷேல். 1943 முதல் 1944இல் ஏதென்ஸ் விடுபடும் வரை அவர்கள் அங்கே இருந்தார்கள். நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டாபோ விசாரித்தபோது காது கேட்காததையே ஆயுதமாக்கி, கேள்வி எதுவும் புரியாதவர் போல இருந்துவிட்டார். மூன்று பேர் என்று எழுதினாலே அந்தக் காரியத்தின் எடை தெரியும், பெருக்கத் தேவையில்லை. இஸ்ரேலின் யூதப் படுகொலை நினைவகமான யாத் வஷேம் அவரைக் கௌரவித்தபோது, 1994இல் விழாவுக்குப் போனவர்கள் ஃபிலிப்பும் அக்கா சோஃபியும்.

கன்னியாஸ்திரி உடையைப் பார்த்து அரண்மனையைத் துறந்த சாந்தமான புனிதவதி என்று வரைவதும் பாதிதான் உண்மை. 1949இல் செவிலியர் சகோதரிகள் சபை ஒன்றைத் தொடங்கினார்; ஆள் சேராமல் அது நிலைக்கவில்லை. சிகரெட்டும் சீட்டாட்டமும் அவரிடம் கடைசி வரை இருந்தன. புகைபிடித்துக்கொண்டு கனாஸ்டா ஆடும் கன்னியாஸ்திரியைப் பற்றி என்ன சொல்ல என்று பெற்ற தாயே அலுத்துக்கொண்டாராம். இந்தியாவைப் பற்றி எழுதுகிறவர்கள் தம்பியோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சராக இருந்த ராஜகுமாரி அம்ரித் கௌர் அழைத்து 1960இல் ஆலிஸும் இங்கே வந்தார், உடம்பு முடியாமல் பாதியில் திரும்பினார்.

கடைசியாக, கல்லறை. 1969 டிசம்பர் 5 அன்று பக்கிங்ஹாம் அரண்மனையில் இறந்து வின்ட்சரில் வைக்கப்பட்டார் என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். சித்தி எல்லாவின் பக்கத்தில், ஜெருசலேமில்தான் தன்னை அடக்கம் செய்ய வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். 1988இல்தான் அது நடந்தது. ஒலிவ மலையில் மரிய மக்தலேனாள் ஆலயத்தில் இருக்கிறார். அவ்வளவு தூரம் நாங்கள் எப்படி வந்து பார்ப்பது என்று மகள் குறைப்பட்டபோது, ‘அதெல்லாம் நல்ல பஸ் வசதி இருக்கிறது’ என்று பதில் சொன்னதாகச் சொல்வார்கள்.