சொந்தபந்தங்களோடு ஏரியில் படகு: ஏறுமுன் பார்க்க வேண்டியவை

மோட்டார் படகை இறக்குமுன் பின்புற அடியிலுள்ள வடிகால் அடைப்பானைத் திருகி இறுக்குங்கள். கூட்டத்தின் பரபரப்பில் முதலில் மறந்துபோவது அதுதான்.

எத்தனை பேர், எவ்வளவு எடை என்று படகின் தகட்டில் இருக்கும். ஐஸ் பெட்டியும் எடைதான். "இன்னும் ஒருத்தர்தானே" என்பார் சித்தப்பா. மசியாதீர்கள், இரண்டு நடையாகப் போங்கள்.

குழந்தைக்கு லைஃப் ஜாக்கெட்டைப் பூட்டியதும் அதன் தோள்பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது பெரிது. தண்ணீரில் பிள்ளை நழுவிவிடும். சின்னஞ்சிறுசுகளுக்குக் கால்களுக்கிடையே மாட்டும் வார் உள்ளதே நல்லது. காற்றடைத்த கைப்பட்டை இதற்கு ஈடாகாது.

ஏறும்போது குனிந்து, நடுவில் கால் வையுங்கள். விளிம்பை மிதித்தால் சாயும். செல்ஃபிக்காக எல்லோரும் ஒரே பக்கம் சேர்ந்தாலும் அதே கதைதான்.

நீந்துபவர் ஏணியருகே வரும்போது எஞ்சினை அணைத்துவிடுங்கள், நியூட்ரல் போதாது.