தோட்டத்துப் பழைய படத்தை ஒளி வழியில் பூட்டுவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளில் தோட்டத்துப் படங்கள் இன்னும் இருக்கின்றன. காலையில் தொழிலாளர்களுக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எடுத்தவை, தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் எடுத்தவை, அவற்றோடு தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டை. இப்போது எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வாட்சாப்பில் அனுப்பிவிடுகிறோம். லயத்துப் படம் நாலு பேர் கைக்குப் போனால் நல்லதுதான். அடையாள அட்டை எண் தெரிகிற படம் அப்படிப் போகக்கூடாது.

ஹாலோகிராம் ஆய்வுக்கூடங்களில் படத்தை மறைக்க ஓர் அழகான முறை உண்டு. அதை லேசர் இல்லாமல் லேப்டாப்பிலேயே செய்து பார்க்கலாம். பயிற்சிக்கு லயத்துப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அடையாள அட்டை வேண்டாம்.

முதலில் கொஞ்சம் ஒளி

ஒளி அலைக்கு வீச்சு, கட்டம் என்று இரண்டு குணங்கள். வீச்சு வெளிச்சத்தின் அளவைத் தரும். அலை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைக் கட்டம் சொல்லும். கேமரா வெளிச்சத்தை மட்டுமே பதியும். கட்டமும் வேண்டுமென்றால், இன்னொரு ஒளிக்கற்றையைச் சேர்த்து, இரண்டும் கலந்து உண்டாகும் வரிகளைப் பதிய வேண்டும். அதுதான் ஹாலோகிராம். டென்னிஸ் கபோர் இதை 1948இல் வெளியிட்டார், 1971இல் நோபல் பரிசு பெற்றார்.

கட்டம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதையே சாவியாக்கலாம். 1995இல் ரெஃப்ரெஜியே, ஜாவிடி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைத்தான் செய்தார்கள். படத்தின் மேல் ஒரு தாறுமாறான கட்டத் திரை, ஒரு லென்ஸ், லென்ஸ் ஒளியை ஃபூரியர் உருமாற்றம் செய்யும், அதாவது படத்தை அதில் அடங்கிய அலைகளாகப் பிரித்துக் காட்டும் இடத்தில் இரண்டாவது திரை, மறுபடி ஒரு லென்ஸ். கடைசியில் வருவது வெறும் இரைச்சல் போலத்தான் இருக்கும்.

படி 1: படம்

பைத்தான் நிரல்மொழியும், அதில் எண் அணிகளுக்கான நம்பை, படங்களுக்கான பில்லோ என்ற நூலகங்களும் போதும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி 512க்கு 512 அளவுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு புள்ளியையும் 255ஆல் வகுத்தால் எல்லாம் 0க்கும் 1க்கும் இடையில் வந்துவிடும்.

படி 2: இரண்டு திரைகள்

அதே அளவில், 0க்கும் 1க்கும் இடைப்பட்ட தாறுமாறு எண்களால் இரண்டு அணிகளை உருவாக்குங்கள். ஒவ்வோர் எண்ணையும் 2π-ஆல் பெருக்கினால் ஒரு கோணம் கிடைக்கும். அந்தக் கோணத்தின் கொசைன் மெய்ப்பகுதி, சைன் கற்பனைப் பகுதி. இப்படி வரும் கலப்பெண் அணிதான் திரை. பழகுவதற்கு நம்பையின் சாதாரண ரேண்டம் போதும். உண்மையான சாவிக்கு அது ஆகாது. கணினி இயங்குதளமே தரும் யூரேண்டத்தைப் பயன்படுத்துங்கள்.

படி 3: பூட்டு

படத்தை முதல் திரையால் பெருக்கி, ஃபூரியர் உருமாற்றம் செய்து, இரண்டாம் திரையால் பெருக்கி, நேர்மாறு உருமாற்றம் செய்யுங்கள். நான்கே வரி. வந்ததன் வீச்சைக் கணினியில் படமாகக் காட்டிப் பாருங்கள், லயமும் இருக்காது, ஆளும் இருக்காது.

படி 4: சேமிப்பு

தொடக்கநிலையாளர்கள் அதிகம் தடுக்கிவிழும் இடம் இது. வந்திருப்பது படம் இல்லை, கலப்பெண் அணி. ஜேபெக்காகச் சேமித்தால் வீச்சின் சாயல்தான் மிஞ்சும், கட்டம் போய்விடும், பிறகு எந்தச் சாவியாலும் திறக்க முடியாது. நம்பையின் சொந்தக் கோப்பு வடிவத்திலேயே சேமியுங்கள். ஒரு புள்ளிக்கு 16 பைட் வீதம் 4 எம்பி வரும். மூலப்படம் கால் எம்பிதான், ஆனாலும் கட்டத்தைக் காப்பாற்ற இந்த விலை தகும்.

இரண்டாம் திரைதான் சாவி. அதை வேறு பென்டிரைவில் வையுங்கள். ஒரே ஃபோல்டரில் இரண்டையும் வைத்தால் பூட்டியதற்கு அர்த்தமே இல்லை.

படி 5: திறப்பு

பூட்டிய அணியை ஃபூரியர் உருமாற்றம் செய்து, இரண்டாம் திரையின் இணையியத்தால், அதாவது கற்பனைப் பகுதியின் குறியை மாற்றிய திரையால் பெருக்கி, நேர்மாறு உருமாற்றம் செய்து, வீச்சை மட்டும் எடுங்கள். படம் திரும்பி வரும். வீச்சை எடுக்கும்போது முதல் திரை தானாக மறைந்துவிடும் என்பதால் திறக்க அது தேவையில்லை. அப்படியானால் அது எதற்கு? அது இல்லாவிட்டால் படத்தின் ஆற்றல் பெரும்பாலும் ஃபூரியர் தளத்தின் நடுவிலேயே குவிந்துகிடக்கும், இரண்டாம் திரையால் சரியாகக் கலைக்க முடியாது.

அப்புறம் ஒரு சோதனை, கட்டாயம் செய்யுங்கள். பூட்டிய அணியின் கால்பகுதியைச் சுழியமாக்கிவிட்டுத் திறங்கள். புள்ளி புள்ளியாக இரைச்சல் இருக்கும், ஆனால் முழுப் படமும் தெரியும். ஒவ்வொரு புள்ளியின் தகவலும் அணி முழுக்கப் பரவியிருப்பதுதான் காரணம். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது இதுதான்.

அடையாள அட்டைக்கு இது போதுமா?

போதாது. இதில் எல்லாமே நேரியல் கணக்கு, அதாவது வெறும் பெருக்கலும் கூட்டலும்தான். ஒரு மூலப்படமும் அதன் பூட்டிய வடிவமும் ஒருவர் கையில் கிடைத்தால் சாவியையே மீட்கலாம் என்று 2006இல் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். ஆகவே ஒரு சாவியை ஒரு படத்துக்கு மேல் பயன்படுத்தாதீர்கள். உண்மையான ஆவணம் என்றால் கோப்புகளைச் சுருக்கிப் பூட்டும் 7-ஜிப் மென்பொருளில் நீண்ட கடவுச்சொல் கொடுத்து, ஏஇஎஸ்-256 என்ற மறையாக்க முறையில் பூட்டுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் அக்கா வீட்டிலோ மாமா வீட்டிலோ கொடுத்துவையுங்கள். கொடுக்கும் முன் அவர்கள் கணினியில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.