பேக்கேஜா, நாமே போடும் பிளானா? கார் எடுத்துக் கிளம்பும் முன் நடக்கும் தவறுகள்

போன வருஷம் கோடை லீவில் பண்ணாரி சோதனைச் சாவடிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரவு மணி ஒன்பதே கால், கேட் போட்டாகிவிட்டது. காவேரிப்பட்டினத்தில் கடையை அடைத்துவிட்டு நாலு மணிக்குக் கிளம்பி, தர்மபுரி, மேட்டூர், அந்தியூர், சத்தி (சத்தியமங்கலம்) என்று வந்து, பதினொன்றுக்குள் குண்டுலுபேட்டை ரூமில் படுத்துவிடலாம், காலையில் வயநாடு என்பது என் கணக்கு. பண்ணாரியிலிருந்து ஏறும் திம்பம் மலைப்பாதையில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை காரை விட மாட்டார்கள், 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு இப்படித்தான் என்று அங்கே நின்றிருந்த லாரி டிரைவர் சொல்லித்தான் தெரிந்தது (லாரிக்கு ஆறு மணிக்கே தடை, அதனால் அவர் நிம்மதியாகப் படுத்திருந்தார்). பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள் தூக்கத்தில். சகலை மெதுவாகக் கேட்டார்: “பேக்கேஜ் போட்டிருந்தா இப்படி நடுரோட்டுல நிப்போமா சகல?”

திரும்பி சத்திக்கு வந்து லாட்ஜ் பிடித்தோம், குண்டுலுபேட்டையில் கட்டிய பணம் போனது போனதுதான். ஆனால் அவர் கேள்விக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அதற்கு முந்தின வருஷம் அவர் போட்ட பேக்கேஜை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கும். குடகுக்கு நாலு நாள், காரும் ரூமும் அவர்களே தருவார்கள், ஓட்டுவது நாம். பெரிய வண்டி என்று பேச்சு, வந்து நின்றது சின்ன வண்டி. கேட்டதற்கு, புக்கிங் ரசீதில் ‘அல்லது அதற்கு இணையான வண்டி’ என்று போட்டிருக்கிறதே சார் என்றார்கள். மாமியார் குடகு முழுக்க மடியில் பையோடுதான் பார்த்தார்.

இரண்டு பக்கமும் அடிபட்டவன் என்பதால் சொல்கிறேன். எது மலிவு என்று மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் முதல் தவறு. அதிலும் அந்தக் கணக்கை யாரும் ஒழுங்காகப் போடுவதில்லை. நாமே போனால் பெட்ரோல், ரூம், சாப்பாடு என்று மூன்றைக் கூட்டிவிட்டு, பேக்கேஜ்காரர் சொன்ன தொகையைப் பக்கத்தில் வைத்து, அடேயப்பா பாதிக்குப் பாதி கொள்ளை என்கிறோம். 1,200 கிலோமீட்டர் ஓட்டப் போகிறீர்கள், வண்டி லிட்டருக்கு 15 கொடுக்கிறது, லிட்டர் நூறு ரூபாய் என்றால் பெட்ரோலே 8,000. சுங்கம், பார்க்கிங், நுழைவுச் சீட்டு, வழியில் டீயும் முறுக்கும், இவையெல்லாம் தனி. அதே போல பேக்கேஜ் தொகை பெரும்பாலும் ‘இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கு’ என்ற கணக்கு. பிள்ளைக்குக் கூடுதல் படுக்கை, ஜிஎஸ்டி, வண்டிக்கு டெபாசிட் எல்லாம் அப்புறம் வரும். பெட்ரோல் அதிலும் நம்முடையதுதான். எந்த ஓட்டல் என்று பெயரைக் கேட்டு வாங்கி, அந்த ஓட்டலுக்கே போன் போட்டு அந்தத் தேதிக்கு என்ன வாடகை என்று விசாரியுங்கள், பத்து நிமிஷ வேலை. பெயர் சொல்லாமல் ‘மூன்று நட்சத்திரத் தரம்’ என்று மழுப்பினால் அங்கேயே விட்டுவிடலாம்.

அடுத்தது, பேக்கேஜ் போட்டுவிட்டால் என்ன நடந்தாலும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு. இதற்கு வெளியூர் போக வேண்டாம், நம்ம ஒகேனக்கலையே பாருங்கள். பெங்களூரிலிருந்து பரிசல் சவாரியும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டு வருகிறவர்களை ஆடி மாதத்தில் நிறையப் பார்க்கலாம். கர்நாடகத்தில் மழை, அணைகள் நிரம்பித் திறந்துவிடுகிறார்கள், எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறுகிறது, மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடுகிறது. அருவியில் குளிக்கவும் தடை. வந்தவர்கள் தொங்கு பாலத்தில் நின்று செந்நிறத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, மீன் வறுவல் தின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். பரிசலுக்குக் கட்டிய பணம்? இயற்கைக் காரணத்தால் ரத்தானால் திருப்பித் தரப்பட மாட்டாது என்று சின்ன எழுத்தில் இருக்கும். நாம் கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்பினால், பென்னாகரத்தில் யாராவது சொந்தக்காரருக்குப் போன் அடித்து “தண்ணி எவ்ளோ வருதாம்?” என்று கேட்டுவிட்டுத்தானே போவோம். நாம் போகும் ஊரில் அப்படிக் கேட்க நமக்கு ஆள் இருக்கிறதா, இல்லையென்றால் பேக்கேஜ்காரருக்காவது இருக்கிறதா என்று பாருங்கள். தேதி தள்ளினால், பாதை மூடினால், வண்டி நின்றால் எந்த நம்பருக்கு அடிப்பது, எதற்குப் பணம் திரும்பும், எதற்குத் திரும்பாது என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சில் எல்லாம் ‘பாத்துக்கலாம் சார்’தான்.

வண்டி விஷயத்தில் இங்கே நடக்கிற பெரிய தவறு, ‘தெரிஞ்சவர் கார்’. நாள் வாடகைக்கு வெள்ளைப் போர்டு வண்டியைக் கொடுப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், சல்லிசாகவும் கிடைக்கும். நாமே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்குப் பதிவான காரை வாடகைக்கு விட்டு அது எங்காவது இடித்துக்கொண்டால், இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க அது ஒன்றே போதும். கறுப்புப் போர்டு வண்டியிலும் ஓசூர் தாண்டப் போகிறீர்கள் என்றால் வெளிமாநில பர்மிட் இருக்கிறதா என்று முன்னாலேயே கேளுங்கள், அத்திப்பள்ளியில் நின்றுகொண்டு கேட்காதீர்கள். ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு வைத்திருப்பார்கள், அதைத் தாண்டினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தீட்டிவிடுவார்கள். வண்டியை எடுக்கும்போது போனில் வீடியோ எடுங்கள்: நாலு பக்கமும், சக்கரத்தின் அலாய், முன் பம்பரின் அடிப்பக்கம், ஸ்டெப்னி, டேஷ்போர்டில் கிலோமீட்டர். வெளிச்சத்தில் எடுங்கள். என் சகலையின் டெபாசிட்டில் பாதி, பம்பருக்கு அடியில் குனிந்தால்தான் தெரியும் ஒரு கீறலுக்குப் போனது, அதை யார் போட்டது என்று அந்த வண்டிக்குத்தான் தெரியும்.

சொந்த வண்டியாக இருந்தால் ஒரு சின்ன லாபம் உண்டு. 2025 ஆகஸ்ட் 15 முதல் வந்த ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ், அப்போது 3,000 ரூபாய்க்கு 200 முறை சுங்கச் சாவடி கடக்கலாம் என்று கொடுத்தார்கள், அது சொந்த உபயோகக் கார்களுக்கு மட்டும்தான், வாடகை வண்டிக்குக் கிடையாது. கிருஷ்ணகிரி, தொப்பூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் சுங்கச் சாவடியில் முட்டிக்கொள்ளும் நமக்கு இது சும்மா இல்லை. ஆனால் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் மட்டுமே செல்லும்.

ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள், வண்டி மலையேற ஆன்லைனில் எடுக்க வேண்டிய இ-பாஸை மறந்துவிடுகிறார்கள், அல்லது பேக்கேஜ்காரர் எடுத்திருப்பார் என்று விட்டுவிடுகிறார்கள். 2024 மே 7 முதல் இது உண்டு, காசு கிடையாது, ஆனால் வண்டி நம்பரை வைத்துத்தான் எடுக்க வேண்டும். வாடகை வண்டியின் நம்பரோ கிளம்பும் அன்றைக்குக் காலையில்தான் கைக்கு வரும். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. அந்த மாதிரி சமயத்தில் கடைசி நேரத்தில் வண்டியை மாற்றிக் கொடுத்தால் இ-பாஸ் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

நாமே பிளான் போடும்போது செய்கிற தவறு வேறு மாதிரி. நாலுவழிச் சாலையில் ஓட்டிப் பழகிய கை நமக்கு, சேலத்துக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அதே கணக்கை மலைக்கும் போட்டு ஒரே நாளில் ஊட்டி, முதுமலை, வயநாடு என்று அடுக்கிவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வயநாட்டுக்கு ஏறும் தாமரசேரி மலைப்பாதையின் ஒன்பது கொண்டை ஊசி வளைவுகளில் மாட்டிப் பாருங்கள், புரியும். பந்திப்பூர் வழியும் இரவு ஒன்பதுக்கு மூடிவிடும். தொப்பூர் இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற ஆட்கள் மலைக்குத் தாங்களே வண்டி ஓட்டிப் போகாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

வெளிநாடு என்றால் என் அபிப்பிராயம் மாறிவிடும், முதல் தடவை பேக்கேஜே மேல். பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கும் சகலையின் அண்ணன் மகன் ஐஸ்லாந்தைச் சுற்றிவிட்டு வந்தான், அவன் சொன்ன பிறகுதான் எனக்கு இது உறைத்தது. அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். காற்று அடித்துக் காரின் கதவு பின்னால் மடங்கினால் சாதாரண இன்சூரன்ஸில் வராது. மணலுக்கும் சாம்பலுக்கும் தனி இன்சூரன்ஸ். எண்ணுக்கு முன்னால் ‘எஃப்’ போட்ட மலைச்சாலைகளில் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியைத் தவிர வேறு போகக் கூடாது. ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இல்லாவிட்டால் சாவியைக் கொடுக்கவே யோசிப்பார்கள். இதையெல்லாம் முதல் தடவையே தானாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பல நாடுகளில் கேட்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஆர்டிஓ ஆபீஸிலேயே வாங்கலாம், ஒரு வருஷம் செல்லும், கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு டிசிஎஸ் என்று, வருமான வரிக்காக முன்கூட்டியே ஒரு தொகை பிடிப்பார்கள், விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது. டிக்கெட்டும் ரூமும் நாமே தனித்தனியாகப் போட்டால் அந்தப் பிடித்தம் இல்லை. பிடித்த பணம் போய்விடாது, வருமான வரிக் கணக்கு காட்டும்போது வரவு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை நம் கையில் இருக்காது.

பேக்கேஜ் என்றால் முழுசாக, இல்லையென்றால் முழுக்க நாமே என்று நினைப்பதும் தப்புதான். இந்த வருஷம் நாங்கள் வண்டி சொந்தம், வழி சொந்தம் என்று வைத்துக்கொண்டு, வயநாட்டில் இரண்டு நாள் தங்கலும் காட்டு ஜீப்பும் மட்டும் அங்கேயே உள்ளூர்க்காரர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறோம். கிளம்புவது விடிகாலை நாலு மணிக்கு. சகலை மட்டும் இன்னும் நம்பவில்லை, பண்ணாரி கேட் காலையில் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று நேற்றும் போன் போட்டுக் கேட்டார்.