இடுப்பெலும்பு முறிவு பொருந்தி வரும்போது வீட்டில் விடும் பிழைகள்

வாட்டில் துண்டு வெட்டி வீட்டுக்கு வந்ததும் நடக்கும் முதல் பிழை, ஆளைக் கட்டிலை விட்டு இறங்க விடாமல் வைத்திருப்பது. கைகால் முறிவென்றால் பிளாஸ்டர் போடுவார்கள். இதற்கு அது இல்லை, ஆகவே அசையாமல் கிடந்தால்தான் பொருந்தும் என்று வீட்டார் நினைக்கிறார்கள். இடுப்பெலும்பு ஒரு வளையம். ஒரு பக்கம் வெடித்தாலும் எலும்பு விலகாமல் மற்றப் பக்கம் உறுதியாக இருந்தால், வளையமே வெடிப்பைப் பிடித்து வைத்திருக்கும். அதனால்தான் வலி தாங்கும் அளவுக்கு வோக்கரில் நடக்கச் சொல்கிறார்கள். ஒப்பரேஷன் செய்தவர்களின் கணக்கு வேறு. அவர்களில் பலர் 6 முதல் 12 கிழமை வரை முறிந்த பக்கத்துக் காலில் பாரம் போடக் கூடாது. எவ்வளவு பாரம் என்பதைத் துண்டு வெட்டும் அன்றே கேட்டு, கிளினிக் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள்.

படுத்தே கிடந்தால் காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையலாம். அப்படி உறைந்தால் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, அழுத்தினால் நோகும். வீட்டில் உடனே எண்ணெய்ப் போத்தல் வெளியே வரும். உருவிவிட ஆளும் வந்துவிடும். இந்தப் பிழை உயிரை எடுக்கக் கூடியது: உறைந்த கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி. அந்தக் காலை யாரும் தொடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். இரத்தம் உறையாமலிருக்கத் தந்த ஊசியையோ குளிசையையோ, வலி குறைந்ததென்று இடையில் நிறுத்தக் கூடாது. முறிவு நெரிவு வைத்தியத்தில் நம்பிக்கையுள்ளவர்கள் திருகோணமலையில் நிறையப் பேர். ஆனால் இடுப்பெலும்பு மூட்டு விலகிய கை அல்ல, இழுத்துப் பொருத்துவதற்கு.

வோக்கரை எட்டத் தள்ளிவிட்டு, குனிந்தபடி பின்னால் ஓடுவது அடுத்தது. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு உயரத்தில் இருக்க வேண்டும். முதலில் வோக்கர், பிறகு நோகும் கால், கடைசியாக நல்ல கால். படி ஏறும்போது நல்ல கால் முன்னே. இறங்கும்போது நோகும் கால் முன்னே. முற்றத்து மணலில் வோக்கர் புதையும், அங்கே நடை பழக வேண்டாம். அடியிலுள்ள இறப்பர் தேய்ந்திருந்தால் சீமெந்துத் தரையில் வழுக்கும்.

குந்தும் மலசலகூடம்தான் பெரிய தலையிடி. குந்தி எழும்பும்போது தொடைத் தசைகள் முறிந்த இடத்தையே இழுக்கின்றன. பிளாஸ்டிக் கதிரையில் ஓட்டை வெட்டி வைப்பது மலிவு. ஆனால் வெட்டிய கதிரை நடுவில் பிளக்கும். இரும்புக் கால் கொமட் கதிரையை இரவலாகவாவது வாங்குங்கள். இருக்கும்போது முழங்கால் இடுப்பை விட உயரக் கூடாது.

பனடோலை வலி உச்சத்துக்குப் போனபின் தேடாமல், முதல் இரண்டு கிழமை நேரத்துக்கு எடுப்பது நல்லது. சாதாரண உடல்வாகுள்ள பெரியவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. நாளுக்கு எட்டுக்கு மேல் கூடாது. மெலிந்தவர்களும் ஈரல் நோயாளரும் அளவைக் கேட்டே எடுக்க வேண்டும். கடும் வலிக்குத் தரும் கோடீன், டிரமடோல் குளிசைகள் மலத்தை இறுக்கும். முக்கினால் இடுப்பு நோகும். பப்பாசியும் தண்ணீரும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை: நெத்தலி, குரக்கன், முட்டை, பால். சிகரெட் எலும்பு பொருந்துவதைப் பிந்த வைக்கும்.

ஆறு கிழமையில் வலி குறைந்ததும் மோட்டார் சைக்கிளைத் தொடுபவர்களும், கோயில் வீதியில் பிரதட்டை நேர்த்தியை முடிக்க அவசரப்படுபவர்களும் உண்டு. கோணேசர் பொறுப்பார். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளிப்பதும் எலும்பை ஒட்டாது. அந்தக் கிணற்றடியின் ஈரத்தரையோ விழுத்தும். மறுபக்கம், எக்ஸ்றேயில் கோடு இன்னும் தெரிகிறதென்று பயப்படுவதும் வீண். நடை தேறிய பிறகும் அந்தக் கோடு சில மாதம் தெரியலாம். வலி கூடிக்கொண்டே போனால், கால் மரத்தால், சிறுநீர் அடைத்தால் அல்லது இரத்தமாகப் போனால் கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

ஐம்பது தாண்டியவர் நின்ற நிலையில் வழுக்கி விழுந்தே இடுப்பெலும்பு முறிந்ததென்றால், எலும்பு முன்பே மெலிந்திருக்கலாம். எலும்பு அடர்த்திச் சோதனை வேண்டுமா என்று கிளினிக்கில் நீங்களாகவே கேளுங்கள். முறிவு பொருந்தியதும் புத்தகத்தை மூடி வைப்பவர்கள்தான் அடுத்த தடவை தொடையெலும்போடு வருகிறார்கள்.